ரேடியலா, வெர்டிகலா? முதலில் உயரத்தை அளந்துவிடுங்கள்

கேள்வி:

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறோம். மேடைக் கொட்டகைகளில் 60,000 கோழிகள். எரு அள்ள ஆள் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டதால் ஒரு ஸ்கிட் ஸ்டியர் லோடர் வாங்கப்போகிறோம். எருவைக் களத்தில் கொட்டி மக்கவைத்து லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். லாரியின் பக்கப்பலகை தரையிலிருந்து எட்டடி உயரம். சொந்தமாகத் தீவன ஆலையும் உண்டு. மக்காச்சோளத்தைக் குழிக்குள் தள்ளவும், சோயா மூட்டைகளைப் பேலட்டோடு இறக்கி அடுக்கவும் இதே வண்டியைப் பயன்படுத்த நினைக்கிறோம். டீலர் வெர்டிகல் லிஃப்ட்தான் சரி என்கிறார், விலை கூடுதல். என் மைத்துனர் தன் பண்ணையில் ரேடியல் லிஃப்ட் வைத்திருக்கிறார். அதுவே தாராளம், வீண் செலவு வேண்டாம் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? இரண்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

பதில்:

இருவர் சொல்வதும் சரிதான். உங்கள் மைத்துனர் தன் பண்ணை வேலையை வைத்துச் சொல்கிறார். டீலர் உங்கள் லாரியையும் பேலட்டையும் வைத்துச் சொல்கிறார். நீங்கள் சொன்ன வேலைகளைப் பார்த்தால் உங்களுக்கு வெர்டிகல்தான் பொருந்தும். ஆனால் காரணம் புரியாமல் வாங்கினால் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு உரிய பலனை எடுக்க முடியாது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

கை எழும்பும் வழி

ரேடியல் வண்டியில் தூக்கும் கை, பின்பக்கம் இருபுறமும் பக்கத்துக்கொரு பின்னில் மாட்டப்பட்டிருக்கும். அந்தப் பின் நகராது. ஆகவே பக்கெட் ஒரு வட்டத்தின் வில் வழியாகத்தான் மேலே போக முடியும். தரையிலிருந்து கிளம்பும்போது வண்டியை விட்டு முன்னால் விலகிப் போகும். பக்கெட்டைத் தாங்கும் பின், பின்பக்கச் சுழல் பின்னின் மட்டத்துக்கு வரும்போது வண்டியிலிருந்து மிகத் தள்ளி நிற்கும். அதற்கு மேல் ஏற ஏற மறுபடியும் வண்டியை நோக்கித் திரும்பி வந்துவிடும்.

வெர்டிகல் வண்டியில் கையின் பின்முனை நேராக வண்டிச் சட்டத்தில் மாட்டப்படுவதில்லை. இடையில் இணைப்புத் தண்டுகள் உண்டு. கை எழும்பும்போது அந்தத் தண்டுகளும் அசைந்து, கையின் பின்முனையையே இடம் மாற்றிக்கொடுக்கும். அதனால் பக்கெட் தொடக்கத்தில் சற்று முன்னால் வந்து, பிறகு ஏறக்குறைய நேராக மேலே போகும். அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்காது, லேசான வளைவு இருக்கும். ஆனால் உச்சிக்குப் போனபிறகும் பக்கெட் முன்னாலேயே நிற்கும். முக்கியமான வித்தியாசம் இதுதான்.

எஞ்சின், ஹைட்ராலிக் பம்ப், சக்கரம், இடத்திலேயே திரும்பும் முறை எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே அளவு வண்டியை இரண்டு விதமாகவும் விற்கின்றன. பாப்காட்டில் எஸ்550 ரேடியலாகவும் எஸ்570 வெர்டிகலாகவும் வந்தன. கேட்டர்பில்லரில் 236டி ரேடியலாகவும் 242டி வெர்டிகலாகவும் வந்தன. கேஸ் நிறுவனத்தில் மாடல் பெயரே சொல்லிவிடும்: எஸ்ஆர் என்று தொடங்கினால் ரேடியல், எஸ்வி என்று தொடங்கினால் வெர்டிகல்.

தூக்கும் திறன் ஏன் மாறுகிறது?

விவரத்தாளில் ஆர்ஓசி என்று ஓர் எண் இருக்கும். எவ்வளவு எடையைத் தூக்கிக்கொண்டு வேலை செய்யலாம் என்பதற்கான வரம்பு அது. வண்டியின் பின்சக்கரம் தரையை விட்டு எழும் எடையை முதலில் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குக் கவிழ் எடை என்று பெயர். ஐஎஸ்ஓ 14397 தரநிலைப்படி சக்கர வண்டிக்கு அதில் பாதியும், சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வண்டிக்கு 35 சதவீதமும்தான் ஆர்ஓசி. கவிழ் எடையை அளப்பது பக்கெட் மிகத் தள்ளி நிற்கும் நிலையில். அங்குதான் வண்டி முன்னால் சாய்வதற்கு வாய்ப்பு அதிகம்.

நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மைல் நடக்கலாம். அதையே கையை நீட்டிப் பிடித்தால் பத்தடி தாங்காது. ரேடியல் வண்டியில் பக்கெட் நடு உயரத்தில் நன்றாகத் தள்ளிப் போவதால் அந்த இடத்தை வைத்தே அதன் திறன் கணக்கிடப்படுகிறது. வெர்டிகலில் சுமை அவ்வளவு தூரம் விலகிப் போவதில்லை. அதனால் ஏறக்குறைய ஒரே அளவு வண்டியில் வெர்டிகலுக்கு ஆர்ஓசி கூடுதலாகக் கிடைக்கிறது.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் தெரிகிறது. ரேடியலுக்கு நடு உயரத்தில் எட்டும் தூரம் அதிகம் என்பது அதன் பெரிய பலம். ஆனால் வண்டி சாய்வதற்கு மிகவும் வாய்ப்புள்ள நிலையும் அதே நிலைதான். இதை ஓட்டுபவர் ஒருநாளும் மறக்கக்கூடாது.

ரேடியல் எங்கே வெல்கிறது?

தரையோடு தரையாக நடக்கும் வேலையில் ரேடியல் அருமையான வண்டி. அள்ளுவது, தள்ளுவது, சமன் செய்வது, பிரேக்கர், ஆகர், பிரஷ் மாட்டி ஓட்டுவது எல்லாமே அதற்கு ஏற்றவை. மார்பளவு, தலையளவு உயரத்தில் கொட்டும் வேலையிலும் அது நன்றாக உழைக்கும். டிராக்டர் டிரெய்லரில் எரு ஏற்றும்போதும், சுவருக்கு அப்பால் மண் கொட்டும்போதும் அதன் கை வேண்டிய தூரம் நீளும். உங்கள் மைத்துனர் எருவைக் கொட்டகையிலிருந்து எடுத்து டிராக்டரில் ஏற்றுவதோடு நிறுத்திக்கொள்பவரானால் அவர் எடுத்த முடிவில் எந்தக் குறையும் இல்லை.

ஸ்கிட் ஸ்டியர் வண்டி உருவானதே கோழி எரு அள்ளுவதைப் போன்ற ஒரு வேலைக்காகத்தான். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ரோத்சே ஊரில் பட்டறை நடத்திய லூயிஸ் கெல்லர், சிரில் கெல்லர் என்ற சகோதரர்கள் 1957-ல் ஒரு வான்கோழிப் பண்ணையாளருக்காக மூன்று சக்கரத்தில் ஒரு சிறு லோடர் செய்து கொடுத்தார்கள். கொட்டகைத் தூண்களுக்கு நடுவே நுழைந்து, நின்ற இடத்திலேயே திரும்பி, எருவை அள்ள வேண்டும். மாடித் தளத்தில் ஓட்டும் அளவுக்கு எடை குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது தேவை. அடுத்த ஆண்டே வட டகோட்டாவின் மெல்ரோ நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. 1960-ல் நான்கு சக்கரத்துடன் எம்-400 வந்தது. 1962-ல் பாப்காட் என்ற பெயர் சூட்டப்பட்டது. அந்தத் தேவைதான் இன்று உங்கள் கொட்டகையிலும் இருக்கிறது.

பலர் ரேடியலுக்குத்தான் தோண்டும் வலு அதிகம் என்பார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். விவரத்தாளில் கையால் தூக்கும் விசையும் பக்கெட்டைச் சுருட்டும் விசையும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பக்கெட்டைச் சுருட்டுவது டில்ட் சிலிண்டரின் வேலை. கை எந்த வகை என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. நீங்கள் பார்க்கும் இரண்டு மாடலின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெர்டிகல் எங்கே வெல்கிறது?

உயரமான லாரியில் ஏற்றும்போது ரேடியலின் பக்கெட் உச்சியில் பின்வாங்கிவிடுவதால் எரு லாரியின் உங்கள் பக்கத்திலேயே குவியும். நடுவில் கொட்ட முடியாது. குவிந்ததை ஆள் ஏறி மண்வெட்டியால் தள்ளிவிட வேண்டியிருக்கும், அல்லது லாரியைத் திருப்பி நிறுத்தி மறுபக்கத்திலிருந்தும் ஏற்ற வேண்டியிருக்கும். வெர்டிகலில் உச்சியிலும் பக்கெட் முன்னால் நிற்பதால் பலகையைத் தாண்டி உள்ளே கொட்டலாம். தினமும் லாரி ஏற்றுபவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பேலட் அடுக்குவதிலும் வெர்டிகலுக்கே வசதி. ஏறக்குறைய நேராக எழும்புவதால் முன்னால் உள்ள அடுக்கில் இடிக்காமல் இருக்க வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தும் வேலை குறையும். ரேடியலில் கை எழும்பும்போது சுமை முன்னால் வருவதால், ஓட்டுபவர் கையைத் தூக்கிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். பழகியவர்கள் செய்துவிடுவார்கள், புதியவர்களுக்குக் கடினம். எந்த வகை வாங்கினாலும் பேலட் வேலை உண்டென்றால் செல்ஃப் லெவலிங் வசதியையும் கேட்டு வாங்குங்கள். கை எழும்பும்போது ஃபோர்க் பின்னால் சாயாமல் அதுவே மட்டத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எட்டடிக் கணக்கு

இனி உங்கள் லாரிக்கு வருவோம். எட்டடி என்பது 2.44 மீட்டர். விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது பக்கெட் பின்னின் உயரம். நடுத்தர வண்டிகளில் அது சுமார் மூன்று மீட்டர் வரும். அதைப் பார்த்து எட்டடி எளிதாகத் தாண்டிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். பக்கெட்டைக் கவிழ்க்கும்போது அதன் உதடு பின்னுக்குக் கீழே தொங்கும். பலகையைத் தாண்ட வேண்டியது அந்த உதடுதான். டம்ப் உயரம் என்று தனியாகப் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். நடுத்தர வண்டிகளில் அது 2.2 முதல் 2.5 மீட்டர் வரை இருக்கும். அதாவது வெர்டிகல் வாங்கினாலும் சில மாடல்கள் உங்கள் லாரிக்கு எட்டாமல் போகலாம். டம்ப் ரீச் என்ற எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். முழு உயரத்தில் பக்கெட் எவ்வளவு முன்னால் நிற்கும் என்பதை அது சொல்லும்.

ஓரடி குறைகிறது என்றால் பெரிய வண்டி வாங்க வேண்டியதில்லை. களத்தில் ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு கான்கிரீட் மேடை கட்டுங்கள். ஏறும் சரிவு மெதுவாக இருக்கட்டும். மேல்தளம் வண்டி முழுவதும் சமமாக நிற்கும் நீளத்துக்கு இருக்க வேண்டும். சரிவில் நின்றுகொண்டு கையைத் தூக்கக் கூடாது. லாரிப் பக்க விளிம்பில் சக்கரம் தாண்டிப் போகாமல் இருக்கக் குட்டைச் சுவர் ஒன்று வையுங்கள். மேடை கட்டினால் ரேடியல் வண்டியும் எட்டடி லாரியில் கொட்டும். ஆனால் நடுவில் கொட்ட முடியாத குறை அப்படியே இருக்கும்.

கொட்டகைக்கு உள்ளே

கூண்டுக்குக் கீழே உள்ள உயரத்தையும், தூணுக்குத் தூண் உள்ள அகலத்தையும் டேப் வைத்து அளங்கள். தூண்கள் சாய்ந்திருக்கலாம், எரு குவிந்து தரை மேடாகியிருக்கலாம். மிகக் குறுகலான இடம் எதுவோ அதுதான் உங்கள் அளவு. வண்டியின் மொத்த உயரம் கேபினோடு சேர்த்து இரண்டு மீட்டரை ஒட்டி வரும். பக்கெட்டின் அகலம் சக்கரங்களின் வெளி அகலத்தைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் சக்கரம் எருவின் மேல் ஏறி ஓடும்.

கூண்டுக்கு அடியில் எந்த வண்டியிலும் கையைத் தூக்க இடமிருக்காது. ஆகவே அங்கே இரண்டும் சமம்தான். வெர்டிகலில் கையைச் சற்றுத் தூக்கினாலும் பின்பக்க இணைப்புகளும் சேர்ந்து அசையும் என்பதை ஓட்டுபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முன்னால் பக்கெட்டை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னால் குழாயில் இடித்துவிடக் கூடாது. இருக்கையில் அமர்ந்து தோளுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் பார்வை எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று இரண்டு வண்டியிலும் பார்த்துவிடுங்கள். கை எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மாடலுக்கு மாடல் இது மாறும்.

பின், புஷ், கிரீஸ்

வெர்டிகலில் இணைப்புகள் கூடுதல். ஒவ்வோர் இணைப்புக்கும் இரு முனையிலும் பின்னும் புஷ்ஷும் உண்டு. கிரீஸ் அடிக்க வேண்டிய இடமும், தேய்ந்தால் மாற்ற வேண்டிய பொருளும் அதிகம். விலை கூடுதலாவதற்கும் இது ஒரு காரணம். மணல் அள்ளும் இடத்தைவிட உங்கள் பண்ணையில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கோழி எருவின் ஈரமும் அம்மோனியாவும் இரும்பை அரிக்கும். எரு வேலை முடிந்த அன்றே வண்டியைத் தண்ணீரில் கழுவுங்கள். பின்களின் மீதும் வயர் இணைப்புகளின் மீதும் பிரஷர் வாட்டரை நேராக அடிக்காதீர்கள். கழுவியபிறகு எல்லாப் பின்னுக்கும் கிரீஸ் அடியுங்கள். உள்ளே போன நீரைப் புது கிரீஸ் வெளியே தள்ளிவிடும். இறகும் தூசும் ரேடியேட்டரை அடைக்கும். அதையும் தினமும் ஊதிவிட வேண்டும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க ஆள் இல்லையென்றால் வெர்டிகல் வாங்குவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். கவனிப்பு இல்லாத வெர்டிகலின் கை ரேடியலைவிடச் சீக்கிரம் ஆட்டம் காணும்.

பேலட் எடையில் ஏமாறாதீர்கள்

சோயா மூட்டை 50 கிலோ என்றால் ஒரு பேலட்டில் இருபது மூட்டை அடுக்கினால் ஒரு டன் ஆகிறது. நீங்கள் பார்க்கும் நடுத்தர வண்டியின் ஆர்ஓசி பெரும்பாலும் ஒரு டன்னுக்குக் குறைவாகவே இருக்கும். அதோடு அந்த எண் பக்கெட்டுக்கு உரியது. ஃபோர்க்கில் சுமையின் நடுப்பகுதி இன்னும் முன்னால் தள்ளி நிற்பதால் திறன் மேலும் குறையும். ஃபோர்க்குக்கு என்று கையேட்டில் உள்ள எண்ணை மட்டுமே நம்புங்கள். பேலட்டுக்குப் பத்து, பன்னிரண்டு மூட்டை என்று வரையறுத்துக்கொண்டு இரண்டு நடை கூடுதலாகப் போவது நல்லது.

பக்கெட் வேலையில் உங்களுக்கு அந்தப் பயம் குறைவு. 0.4 கன மீட்டர் பக்கெட்டில் மக்காச்சோளம் ஏறக்குறைய 290 கிலோதான் பிடிக்கும். ஈர எரு 400 கிலோவை ஒட்டி வரும். காய்ந்தது அதில் பாதி. ஆனால் அதே பக்கெட்டில் ஈர மணல் அள்ளினால் 750 கிலோவைத் தொடும். வண்டியை வாடகைக்கு அனுப்ப நினைத்தால் இந்தக் கணக்கை ஆபரேட்டருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் நாளை எண்ணிப் பாருங்கள்

ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் ஈர எச்சம் இடும். 60,000 கோழிக்கு அது ஆறு டன். மக்கும்போது எடை குறைந்தாலும், லாரி ஏற்றும் வேலை உங்களுக்கு ஆண்டு முழுதும் ஓயாது. கொட்டகையைச் சுத்தம் செய்வது சில மாதங்களுக்கு ஒருமுறை வரும் வேலை. மக்காச்சோளத்தைக் குழிக்குள் தள்ளுவது தரை மட்ட வேலை. அதை இரண்டு வண்டியும் செய்யும். லாரியும் பேலட்டும்தான் உங்கள் நாளின் கணிசமான நேரத்தை எடுக்கும், இரண்டுமே உயரத்தில் நடப்பவை. எருவை அள்ளத்தான் வண்டி வாங்கப் புறப்பட்டீர்கள். ஆனால் வண்டி அதிக நேரம் உழைக்கப்போவது எருவை ஏற்றுவதில். அதனால்தான் வெர்டிகல் என்று சொன்னேன். நாளை லாரிக்குப் பதிலாக டிராக்டரில் மட்டும் அனுப்புவது, மூட்டையை ஆள் வைத்தே இறக்குவது என்று முடிவானால் என் பதிலும் ரேடியல் என்று மாறும்.

பணம் கட்டுவதற்கு முன்

இரண்டு வகையையும் உங்கள் களத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் எருவை, உங்கள் லாரியில், ஒவ்வொரு வண்டியாலும் ஒரு லோடு முழுதாக ஏற்றிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது, லாரி மேல் ஆள் ஏறி எத்தனை முறை தள்ள வேண்டியிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி வாங்குவதானால் பக்கெட்டைத் தரையிலிருந்து சற்றே தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் பின்களின் தேய்மானம் தெரியும். கையில் வெல்டிங் ஒட்டு இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஓட்டுவதில் சில விதிகளைக் கண்டிப்பாக வையுங்கள். சுமையை எப்போதும் தரையை ஒட்டித் தாழ்வாக வைத்துக்கொண்டே போக வேண்டும். கொட்டும் இடத்தில் நின்றபிறகே கையைத் தூக்க வேண்டும். வெர்டிகல் உயரத்தில் நிலையாகத் தெரிவதால் சுமையை மேலே வைத்தபடி திரும்பும் பழக்கம் வந்துவிடும். அது வண்டியைக் கவிழ்க்கும். சரிவில் எடை மிகுந்த பக்கம் மேட்டை நோக்கி இருக்க வேண்டும்: சுமையோடு முன்னால் ஏறி, பின்னால் இறங்குங்கள், சுமை இல்லாதபோது பின்னால் ஏறி, முன்னால் இறங்குங்கள். தூக்கிய கைக்குக் கீழே, அதற்குரிய தாங்கியைப் பூட்டாமல், கிரீஸ் அடிக்கக்கூட யாரும் தலையை நீட்டக் கூடாது. மூடிய கிடங்கில் ஓட்டும்போது கதவுகளைத் திறந்து வையுங்கள். டீசல் புகை உள்ளே தங்கினால் உயிருக்கே ஆபத்து.

வண்டியைப் பார்க்கப் போகும்போது அதை ஓட்டப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எட்டு மணி நேரம் அந்த இருக்கையில் உட்கார்ந்து, எட்டடிப் பலகைக்கு மேல் கொட்டி, மாலையில் கிரீஸ் கன்னைப் பிடிக்கப்போவது அவர்தான். நீங்கள் எண்களைப் பாருங்கள், அவர் கையின் அசைவைப் பார்க்கட்டும். இருவரும் ஒத்துக்கொள்ளும் வண்டியை வாங்குங்கள்.